திருப்பதி அண்ணன் ஜீப்பில் ஓடிய ஒரே ஆல்பம்

போடியிலிருந்து விடிவதற்கு முன்பே மலைக்குக் கிளம்பும் ஜீப்புகள் எல்லாவற்றிலும் பாட்டு ஓடும். ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் தூங்கி விழாமல் இருக்கவும், வளைவுகளில் வயிற்றைப் புரட்டாமல் இருக்கவும் பாட்டு வேண்டும். பெரும்பாலும் சினிமாப் பாட்டு. கார்த்திகை பிறந்தால் சாமி பாட்டு. திருப்பதி அண்ணன் ஜீப்பில் மட்டும் இங்கிலாந்துக்காரர்கள் வாசித்த ஓர் ஆல்பம் ஓடியது. ஏறும்போதும் அதுதான், இறங்கும்போதும் அதுதான். வேறு பாட்டே அந்த வண்டியில் கிடையாது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமலும் வீட்டில் சும்மா உட்கார முடியாமலும் நான் காய் எடுக்கப் போனபோது, அந்த ஜீப்பில்தான் எனக்கு இடம் கிடைத்தது. பாட்டைப் பற்றி எழுதும் அளவுக்கு எனக்குப் பாட்டு தெரியாது. ஆனால் ஒரு மனிதருக்குள் பாட்டு எந்த வழியாகவெல்லாம் நுழையும் என்பதை நேரில் பார்த்தேன். அந்த ஆச்சரியம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

திருப்பதி அண்ணனுக்கு ஊர் ராசிங்காபுரம். ஐம்பது வயதைத் தாண்டியவர். தகப்பனார் வழியில் மக்காச்சோளம் விளையும் நிலம் இருந்தும் அதில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. மீசை அரும்பிய வயதிலேயே மலை ஜீப்பில் ஏறிவிட்டார். முதலில் அடுத்தவர் வண்டி, பிறகு சொந்த வண்டி. தார்ப்பாய்க் கூரை போட்ட பழைய டீசல் ஜீப்பு. அதன் இன்ஜின் இரைச்சல் ஓட்டுகிறவர் காதுக்கு நேராக வந்து மோதும். அந்த இரைச்சலுக்குள்தான் அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி போயிருக்கிறது.

அவரைத் தங்கமான மனுசன் என்பார்கள். யார் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவார். "சரிப்பா, சரிப்பா" என்பார். ஜீப்பு ஸ்டாண்டில் லோடு பிடிப்பதில் தினமும் சண்டை நடக்கும். அவர் மட்டும் எதிலும் சேரமாட்டார். ஒரு தடவை ஒருவர் அவர் முகத்துக்கு முன்னால் நின்று அவ்வளவு கெட்ட வார்த்தை பேசியும், அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டீ குடிக்கிறியாப்பா?" என்றாராம். பேசியவரே வெட்கப்பட்டுப் போய்விட்டாராம்.

அவருக்குக் காது ஏறக்குறைய கேட்காது என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. அவருக்கே முழுதாகத் தெரியாது. காது கேட்காதவர் போடிமெட்டு ரோட்டில் ஆளேற்றி ஓட்ட முடியாது. ஏன் முடியாது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் நான் பின்சீட்டில் பெண்களுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். வண்டியின் தகரமெல்லாம் நடுங்க ஆரம்பித்தது. 'தும்' என்று ஒன்று வந்து என் வயிற்றில் இடித்தது. இன்னொன்று. பிறகு அது நடக்கத் தொடங்கியது. நன்றாகச் சாப்பிட்டு முடித்த ஒரு கனத்த ஆள், யாருக்கும் பயப்படாமல் தெருவில் நடந்து வருவதுபோல.

"என்னக்கா பாட்டு இது?" என்று கேட்டேன்.

"வெள்ளைக்காரன் பாட்டு, புள்ள" என்றார் முன்சீட்டிலிருந்த மகாராணி அக்கா. "பாடவே மாட்டான். அவன்பாட்டுக்குத் தட்டிக்கிட்டே கெடப்பான்."

"இது பாத்திரம் வெளக்குற பாட்டு" என்றார் என் பக்கத்திலிருந்த கருத்தம்மா அக்கா. "சரக்கு சரக்குன்னு தேய்க்கிற சத்தம் கேக்குதுல்ல? இது முடிஞ்சதும் கோழிப் பாட்டு வரும் பாரு. முட்டை போட்ட கோழி கணக்கா ஒருத்தன் கொக்கரிப்பான்."

அவர் சொன்னது உண்மைதான். பாத்திரம் தேய்த்தது கிடார். கொக்கரித்தது ட்ரம்பெட். ஆல்பத்தில் இருந்த ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தப் பெண்கள் இப்படி ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அடுப்பு ஊதுற பாட்டு, மாமியாக் கோவிச்சுக்கிட்டுப் போற பாட்டு, பஸ்சு பிடிக்க ஓடுற பாட்டு. திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். கோழிப் பாட்டில் ட்ரம்பெட் வரும் இடத்தில் பின்சீட்டே சேர்ந்து கொக்கரிக்கும். திருப்பதி அண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

மகாராணி அக்கா எங்கள் கங்காணி. வேலைக்கு ஆள் சேர்ப்பது, தோண்டிமலைப் பக்கத்து எஸ்டேட்டில் யார் எந்த வரிசையில் காய் எடுப்பது என்று பிரித்துவிடுவது எல்லாம் அவர் சோலி. அவர் எந்த ஜீப்பில் ஏறச் சொல்கிறாரோ அதில்தான் பெண்கள் ஏறுவார்கள். சிவக்குமார் என்பவரின் ஜீப்பில் கலர் லைட்டு உண்டு, புதுப் படப் பாட்டெல்லாம் உண்டு. அதில் போகலாம் என்று இளம்பெண்கள் நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள்.

"அவன் வளைவுல ஒரு கையில போனை வச்சுக்கிட்டு ஓட்டுறான். பாட்டு கேட்டுக்கிட்டே பரலோகம் போறீகளாடி?" என்று கேட்டு அக்கா அவர்கள் வாயை அடைப்பார். திருப்பதி அண்ணன் ஓட்டினால் எல்லாரும் வீடு வந்து சேரலாம் என்பது அவர் நம்பிக்கை.

அந்த ஆல்பம் எப்படி அவரிடம் வந்தது என்பதைச் சின்ராசு அண்ணன் எனக்குச் சொன்னார். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வண்டிகளுக்குப் பாட்டு செட்டு மாட்டும் கடை வைத்திருப்பவர் அவர்.

"திருப்பதி அண்ணே ஒருநா வந்து, 'செட்டு சரியில்லப்பா, பாட்டு வரவர அமுங்கிப்போகுது'ன்னாரு. சரி, ஸ்பீக்கர் போயிருச்சுன்னு வேற மாட்டுனேன். கொஞ்ச நாள்ல திரும்ப வந்தாரு. அதே பேச்சு. இன்னொண்ணு மாட்டுனேன். மறுபடி வந்து நிக்கிறாரு. எனக்குக் கோவம் வந்து சவுண்டை முழுசாத் திருகிட்டேன். எதுத்த டீக்கடைக்காரரு, 'டேய், பால் திரிஞ்சுரும்டா'ன்னு கத்துறாரு. ரோட்டுல போன மாடு மெரண்டு ஓடுது. இவரு நிதானமா, 'இன்னுங்கொஞ்சம் வையி, கேக்கட்டும்'ங்கிறாரு. என்னையக் கேலி பண்றாருன்னுதான் நெனச்சேன்."

சின்ராசு அண்ணன் கடைசியாக ஒன்று செய்திருக்கிறார். கனத்த சத்தம் மட்டும் வரும் பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை எடுத்தார். பின்னால் வைத்தால் பெண்கள் கால் வைக்க இடமிருக்காது என்று ஓட்டுகிறவர் சீட்டுக்கு அடியிலேயே திணித்து இறுக்கினார். பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க அவர் எப்போதும் ஒரு குறிப்பிட்ட பாட்டைத்தான் போடுவார். கொச்சியில் தொழில் கற்றபோது அங்கே எல்லாரும் சோதனைக்கு வைத்திருந்த பாட்டாம். அதில் நன்றாக அடித்தால் எதிலும் அடிக்கும் என்பது அவர்கள் கணக்கு.

"பாட்டைப் போட்டேன். அண்ணே சீட்டுல சாஞ்சு உக்காந்திருந்தாரு. திடீர்னு நிமிந்தாரு பாரு, கரண்டு அடிச்ச மாதிரி. ஸ்டீயரிங்கை விட்டுட்டாரு. கண்ணு கலங்கிருச்சு. நான் பயந்துபோயி நிப்பாட்டப் போனா, கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நிப்பாட்டாத'ங்கிறாரு. 'இதுல இன்னும் இருக்கா?'ன்னாரு. 'ஒரு ஆல்பமே இருக்குண்ணே'ன்னேன். 'எல்லாத்தையும் ஏத்து. மத்ததை அழிச்சுரு'ன்னுட்டாரு."

இதைக் கேட்ட பிறகு நான் போனில் அந்த இசைக்குழுவைத் தேடினேன். பெயர் காப்பர் லேன். இங்கிலாந்தின் வடக்கே மழை அதிகம் பெய்யும் ஒரு பழைய மில் ஊர்க்காரர்கள். இது அவர்களுடைய முதல் ஆல்பம். ஆல்பத்தின் பெயருக்கு ஈரச் செங்கல் என்று அர்த்தம். மூடிப்போன ஒரு சலவைக் கடையின் பின்னறையில் எல்லாரும் ஒன்றாக நின்று வாசித்துப் பதிவு செய்தார்களாம். இந்த வகை இசைக்கு ஃபங்க் என்று பெயர். மற்ற பாட்டுகளில் பின்னால் ஒதுங்கி நிற்கும் பேஸ் கிடாரும் டிரம்ஸும் இதில் முன்னால் வந்து நிற்கும். மற்றதெல்லாம் அவற்றைச் சுற்றிக்கொண்டு வரும். கேட்டால் கால் தானாக ஆடும்.

குழுவின் படத்தில் பேஸ் வாசிப்பவர் ஒரு பெண். சிரிக்காமல் நிற்கிறார். தடித்த விரல்கள். அவர் அந்தப் பின்னறையில் ஒரு கம்பியைச் சுண்டியிருக்கிறார். அது கடல் தாண்டி, கொச்சி தாண்டி, போடிக்கு வந்து, ராசிங்காபுரத்துக்காரர் ஒருவரின் முதுகுத்தண்டைத் தொட்டு நிமிர்த்தியிருக்கிறது. இதை நினைத்துவிட்டு என்னால் அன்றைக்குச் சோறு சாப்பிட முடியவில்லை.

இப்போது போடிமெட்டு ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளைவுகளில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிற வண்டி வளைவுக்கு மேலேயே நின்று ஹாரன் அடிக்கும். ஒரு தடவை அடித்தால் ஒரு வண்டி. இரண்டு தடவை அடித்தால் பின்னாலேயே இன்னொன்றும் வருகிறது என்று அர்த்தம். ஏறுகிறவர் பதிலுக்கு அடித்துவிட்டு, எத்தனை வண்டியோ அத்தனைக்கும் இடம் விட்டு ஏற வேண்டும். வெயில் நேரத்தில் கண்ணே போதும். மேகம் இறங்கிவிட்டால் காதுதான் கண். அந்த நேரத்தில் திருப்பதி அண்ணன் மெதுவாக, எதிர் வண்டியின் லைட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டியிருக்கிறார். அதை நாங்கள் நிதானம் என்று நினைத்திருக்கிறோம்.

ஆடி மாதம் ஒருநாள் காலை, ஏற்றத்தின் நடுவில் வரும் புலியூத்தைத் தாண்டியதும் மேகம் ரோட்டை மூடியிருந்தது. எனக்கு வயிற்றைப் புரட்டியதால் மகாராணி அக்கா என்னையும் முன்சீட்டில் தன் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். மாமியாக் கோவிச்சுக்கிட்டுப் போற பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஹாரன் கேட்டது. இரண்டு தடவை. நான் நன்றாகக் கேட்டேன். வளைவில் ஒரு காய்கறி லாரி ஒதுங்கி நின்றிருந்தது. அண்ணன் அதைப் பார்த்துப் பதில் ஹாரன் அடித்து, அதைத் தாண்டி, அகலமாக வளைத்து ஏற்றினார்.

எதிரே இரண்டாவது லாரியின் முகம் மேகத்துக்குள்ளிருந்து வந்தது.

மகாராணி அக்கா முன்பலகையை ஓங்கி அடித்தார். அண்ணன் பிரேக்கில் ஏறி நின்றே விட்டார். ஜீப்பு சறுக்கி, ஓரத்துக் கட்டைச் சுவரில் உரசி நின்றது. பக்கத்துக் கண்ணாடி நொறுங்கியது. பின்னால் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். யாருக்கும் அடியில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. பேஸ் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல நடந்துகொண்டிருந்தது.

இரண்டாவது லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார். "ரெண்டு அடிச்சாருல்ல? காது என்ன செவிடாய்யா ஒனக்கு?"

ரோட்டில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான் அது. திருப்பதி அண்ணன் வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டினார். "சரிப்பா, சரிப்பா."

மகாராணி அக்கா அந்தச் சிரிப்பைத் திரும்பிப் பார்த்தார். வண்டி மறுபடி நகர்ந்தது. அக்கா முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில், "அண்ணே, பின்டயரு கழண்டு ஓடுது" என்றார்.

அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒங்க வீடு தீப்பிடிச்சு எரியுதாம்."

அண்ணன் தலை பாட்டுக்கு ஏற்ப மெல்ல அசைந்தது. பின்சீட்டில் யாரும் சிரிக்கவில்லை. கருத்தம்மா அக்கா தன் ஆறு மாதக் கைப்பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வருபவர். அவர் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மலை உச்சியில், போடிமெட்டு டீக்கடை முன்னால் வண்டி நின்றதும் அக்கா இறங்கிப்போய் அவருக்கு நேராக நின்றார்.

"அண்ணே, ஒங்களுக்குக் காது கேக்கல."

அவர் அக்காவின் உதட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "கேக்குதே, தங்கச்சி. பாட்டு நல்லாக் கேக்குதே."

"பாட்டு எங்க கேக்குது?"

அண்ணன் கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்புக்கு மேலே முதுகில் வைத்தார். "இங்க."

டீக்கடைக்காரர் டம்ளரை நீட்டியபடி நின்றார். வாங்க யாருமில்லை.

"ஸ்பீக்கருதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்" என்றார் அண்ணன். "மாத்தி மாத்திப் பாத்தேன். ஒண்ணும் சரிவரல. இந்தப் பாட்டு வந்ததும் எல்லாம் சரியாப்போச்சுன்னு நெனச்சேன்."

"நீங்க தங்கமான ஆளுண்ணே. ஆனா எங்கிட்ட இருக்கிறதெல்லாம் பிள்ளகுட்டிக்காரிக. காதோட வாங்க. இல்லாட்டி சாவியை வேற ஆளுகிட்டக் குடுங்க. அதுவரைக்கும் ஒங்க வண்டியில நான் ஆளேத்த மாட்டேன்."

அன்று சாயந்திரம் நாங்கள் சிவக்குமார் ஜீப்பில் இறங்கினோம். கலர் லைட்டு எரிந்தது. எங்களுக்கு முன்னால் திருப்பதி அண்ணனின் ஜீப்பு காலியாகப் போனது. ஒவ்வொரு வளைவிலும் அவர் நின்று, இறங்கி, எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறியதை நாங்கள் மேலிருந்து பார்த்தோம். முப்பது வருடத்துக்கு மேல் அந்த ரோட்டில் ஓட்டியவர்.

ஞாயிற்றுக்கிழமை மகாராணி அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு ராசிங்காபுரம் போனார். அண்ணன் வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. அவர் மனைவி பெரியம்மாள் அக்கா எங்களை உள்ளே அழைத்தார்.

"ஒனக்குத் தெரியாதா மதினி?" என்று மகாராணி அக்கா கேட்டார்.

"தெரியாம என்ன? வீட்டுல கூப்பிட்டாத் திரும்ப மாட்டாரு. ஆனா மலையில பாட்டுக் கேட்டேன், பாட்டுக் கேட்டேன்னு வந்து சந்தோசமாச் சொல்லுவாரு. அங்க கேக்குது, இங்க கேக்கலன்னா என்ன அர்த்தம்? நம்ம பேச்சுதான் அவருக்குப் பிடிக்கலபோலன்னு நானும் பேச்சைக் கொறைச்சுக்கிட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். மகாராணி அக்கா சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போய், ஜீப்பு துடைத்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து துணியைப் பிடுங்கினார். "நல்ல சட்டையா எடுத்து வைங்க. நாளைக்குக் காலையில தேனிக்குப் போறோம். வெரசா முடிக்கணும் இந்தச் சோலிய."

தேனியில் காது டாக்டர் காட்டிய படத்தை அக்கா எனக்கு விவரித்தார். இன்ஜின் இரைச்சலிலேயே வருடக்கணக்கில் இருந்தால் மெல்லிய, கூர்மையான சத்தங்கள் முதலில் போய்விடுமாம். பேச்சு, பறவை, மணி எல்லாம். கனத்த சத்தம்தான் கடைசியில் போகுமாம். சினிமாப் பாட்டில் பாடுகிறவர் குரல் அவருக்கு அமுங்கியதும், சீட்டுக்கடியிலிருந்து வந்த பேஸ் மட்டும் அவரைப் போய்ச் சேர்ந்ததும் அதனால்தான். இரண்டு காதுக்கும் மெஷின் வைத்தால் பெருமளவு கேட்கும், பழக நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மெஷின் வந்த பிறகு அண்ணன் ஜீப்பு ஸ்டாண்டுப் பக்கமே வரவில்லை என்று கேள்விப்பட்டோம். சருகு உருள்வதுகூட உறுமுவதுபோல இருக்கிறதாம். மிக்ஸி ஓடினால் தெருவுக்கு ஓடிவிடுகிறாராம். ஒருநாள் மகாராணி அக்காவும் நானும் பார்க்கப் போனபோது, அவர் ஜீப்பின் சீட்டில் உட்கார்ந்து அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினை அணைத்து வைத்திருந்தார்.

"போடுங்கண்ணே" என்றேன்.

"பயமா இருக்கு பாப்பா. அந்தப் பாட்டு இல்லாமப் போயிருந்துச்சுன்னா?"

அழுத்தினார். முதல் பாட்டு தொடங்கியது. கிடார் தேய்த்தது. அவர் முகம் சுருங்கியது. பிறகு அதிலேயே லேசாக ஒரு ட்ரம்பெட் வந்தது. அண்ணன் சட்டென்று ஜீப்பிலிருந்து தலையை வெளியே நீட்டித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"யாரு ஊதுறா? கல்யாணமா?"

"இதுலதாண்ணே ஊதுறாங்க" என்று நான் ஸ்பீக்கரைக் காட்டினேன்.

"இதுலயா? எப்பருந்து?"

"மொதல்லருந்தேண்ணே."

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்குத் தெரியாமல் ஏதோ செய்துவிட்டதுபோல. பிறகு பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டார். கோழிப் பாட்டு வரும்வரை அசையவில்லை. அது வந்ததும் தொடையில் அடித்துக்கொண்டு கத்தினார். "அடியே மகாராணி! அதான் கோழியா! நீங்கள்லாம் கொக்கரிக்கிறப்போ என்னையத்தான் கேலி பண்றீகன்னு நெனச்சு நானும் சிரிச்சுக்கிட்டே இருந்தேனே!"

பெரியம்மாள் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாயையும் பொத்திக்கொண்டார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் அண்ணன் முகம் மாறியது. சீட்டைத் தட்டிப் பார்த்தார். "அடி கொறைஞ்சு போச்சு. தகர டப்பாவைத் தட்டுற மாதிரி கேக்குது" என்றார். காதிலிருந்து மெஷின்களைக் கழற்றினார். கண்ணை மூடினார். முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. மறுபடி மாட்டினார், ட்ரம்பெட் வந்தது. கழற்றினார், பேஸ் திரும்பி வந்தது. மாட்டினார். கழற்றினார். அந்தப் பின்னறையில் நின்று வாசித்தவர்களுக்குக்கூடத் தாங்கள் இரண்டு ஆல்பம் செய்திருப்பது தெரியாது. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"மெஷினை மாட்டிக்கிட்டு ஓட்டப்போறீகளாண்ணே, கழட்டிட்டா?" என்று மகாராணி அக்கா கேட்டார். குரல் மென்மையாக இருந்தாலும் கேள்வி கனமானதுதான். வீட்டு டிவியில் பாட்டு ஓடினால்கூட மெஷினில் அதுவும் தெருவில் போகிற வண்டியின் ஹாரனும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது என்று அண்ணனே முன்பு சொல்லியிருந்தார்.

அண்ணன் பாட்டை அணைத்தார். "ஓட்டுறப்போ இது வேண்டாம்."

அக்கா அதோடு விடவில்லை. மேகம் இறங்கிய ஒரு காலையாகப் பார்த்து, ஆளில்லாத ஜீப்பில் தன்னை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டச் சொன்னார். "நீயும் வா புள்ள. சின்ன வயசுக் காது. இவருக்குக் கேக்குதா இல்லையான்னு நீதான் எனக்குச் சொல்லணும்" என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

அந்த ஜீப்பில் பாட்டில்லாமல் நான் போனது அதுதான் முதல் தடவை. வெறுமையாக இருந்தது. அண்ணனுக்கு அப்படி இல்லை. வழியெல்லாம் திடுக்கிட்டுக்கொண்டே வந்தார். "அது என்ன சத்தம்?" ஸ்பேனர் பெட்டி. "இது?" கதவுக் கொண்டி. "இந்த வண்டி இம்புட்டுக் கத்துமா? இதுலயா ஒங்களை இத்தனை வருசமா ஏத்திக்கிட்டுப் போனேன்?"

"இப்பவாவது தெரிஞ்சுதே" என்றார் அக்கா.

புலியூத்தைத் தாண்டியதும் வெள்ளை எங்களை மூடியது. அக்காவுக்குப் பயம் வந்தால் பேச்சு அதிகமாகும். தேவாரத்தில் தன் தம்பியின் சோளக்காட்டில் யானை இறங்கியது, வனத்துறைக்காரர்கள் வெடி போட்டது, யானை அசையாமல் நின்று தின்றது என்று சொல்லிக்கொண்டே வந்தார். கதை சுவாரசியமானதால் நானும் அதில் போய்விட்டேன்.

அண்ணன் வண்டியை நிறுத்தினார். எந்தக் காரணமும் தெரியவில்லை. எதிரே ஒரு வெளிச்சமும் இல்லை.

"என்னண்ணே?" என்றார் அக்கா.

அவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். ஹாரனை ஒருமுறை அடித்துவிட்டு, வழி தனக்குரியதாக இருந்தும், எதிர் வண்டிகளை முதலில் இறங்கவிட ஜீப்பை ஓரமாக நன்றாக ஒதுக்கினார். அக்கா என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். எனக்கு யானைக் கதை மட்டும்தான் கேட்டிருந்தது.

காத்திருந்தோம். இன்ஜின் மட்டும் இரைந்தது. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது மேகத்துக்குள் மஞ்சளாக ஒரு கறை தெரிந்தது. ஒரு ஜீப்பு எங்களைத் தாண்டி இறங்கிப் போனது. அண்ணன் நகரவில்லை. அதன் பின்னாலேயே, லைட்டு போடாமல், மாட்டுத்தீவனம் ஏற்றிய ஒரு டெம்போ முனகிக்கொண்டே வந்து, எங்களை உரசாமல் கடந்து போனது.

அண்ணன் உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார். கியரை மாற்றி ஏற்றினார். என் உடம்பு சிலிர்த்துப் போயிருந்தது. நான் தவறவிட்ட சத்தத்தை அவர் பிடித்தார் என்பதற்காக மட்டும் அல்ல. ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் கேட்பதை முதலிலிருந்து பழகி, அதே நேரத்தில் தான் உயிராக நினைத்த பாட்டை விட்டுவிட்டும் அங்கே உட்கார்ந்திருந்தாரே, அதற்காக.

மேலே மேகம் விலகியிருந்தது. வண்டியை டீக்கடைக்குத் தள்ளி, ஒரு மரத்தடியில் நிறுத்தினார். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

"ஏறுறப்பவும் இறங்குறப்பவும் பாட்டு கெடையாது" என்றார் மகாராணி அக்கா. "மேல வந்து நிப்பாட்டிட்டா, நாங்க காய் எடுத்துட்டு வர்ற வரைக்கும் என்னமும் போட்டுக்கங்க."

"சரிப்பா" என்றார் அண்ணன். இந்தத் தடவை கேட்டுத்தான் சொன்னார்.

காதிலிருந்து இரண்டு மெஷினையும் கழற்றி, சின்ன டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்தார். சீட்டில் சாய்ந்துகொண்டு பொத்தானை அழுத்தினார். மரத்தடிச் சருகெல்லாம் லேசாக அதிர்ந்தன. நாங்கள் இரண்டு பேரும் வெளியே நின்றோம். மகாராணி அக்கா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு குனிந்து, சீட்டுக்கு அடியில் கையை நுழைத்து, அந்தப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். காய் எடுத்து எடுத்துக் கறுத்துப்போன கை. வைத்த கையை அவர் எடுக்கவில்லை. கண்ணை மட்டும் அகலமாகத் திறந்தார்.

அப்படியே இன்னொரு கையால் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"கருத்தம்மா, நாளைக்கு எல்லாரையும் வெரசா வந்துரச் சொல்லு. திருப்பதி அண்ணன் ஜீப்புதான். என்னது? ஆமாடி, காதோடதான். என்ன சத்தமா? ஒண்ணுமில்ல, நீ வையி, நான் இங்க கொஞ்சம் கேட்டுக்கிட்டு இருக்கேன்."